பட்டன் அக்காவின் இரண்டு கூடைகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் கடைசி அறை பட்டன் அக்காவுடையது. கதவில் ‘கழுவும் அறை’ என்று போர்டு தொங்கினாலும் அது அவருடைய ராஜ்ஜியம். ஆய்வுக்கூடத்தின் தலைவரான மேடமே அந்த வாசலில் ஒரு நிமிஷம் தயங்கித்தான் உள்ளே கால் வைப்பார். காரணம் தரை. ஈரத் தரையில் யாராவது செருப்புத் தடம் பதித்தால் அக்கா வாயே திறக்க மாட்டார். ஈரத் துணியை எடுத்து, அந்த ஆள் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காலைச் சுற்றித் துடைப்பார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

பட்டன் என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சிங்க் ஓரமாக இரண்டு பீங்கான் தட்டுகள், ஒன்றில் பத்து பட்டன்கள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் கொடுத்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது; ஒன்று ஏதோ சீருடைக் கோட்டிலிருந்து விழுந்த பித்தளைப் பட்டன். குடுவைகளை முதலில் சோப்பு, பிறகு தண்ணீர், பிறகு ஆசிட் தொட்டி, கடைசியில் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில் பத்து தடவை அலசல். ஒவ்வொரு அலசலுக்கும் ஒரு பட்டன் இடது தட்டிலிருந்து வலது தட்டுக்குப் போகும். பத்தும் போன பிறகுதான் குடுவை கூடையில் கவிழும், கூடை உலர்த்தும் அடுப்புக்குள் போகும்.

“மனசுக்குள்ள எண்ணினா போதாதா அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“போதும் சார். ஆனா நீங்க வந்து இப்படிப் பேச்சுக் குடுத்தா மனசு மறந்துடும். பட்டன் மறக்காது.”

என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான். இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேறு எப்படியும் கூப்பிட வாய் வராது.

நான் எதிர் அறை. ஸ்டோர் கீப்பர். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சீட்டு சார். ஒரு ரப்பர் குழாய் வேண்டுமானாலும் என்னிடம் சீட்டு எழுதித் தரவேண்டும். உடையாமல் திரும்பி வந்தால் அதற்கும் ஒரு சீட்டு. எந்தப் பொருள், என்ன நம்பர், யார் கை, என்ன தேதி. தேதி போடாத சீட்டை நான் கையால் தொடுவதில்லை. அவசரம் என்று பல்லைக் காட்டுவார்கள், கெஞ்சுவார்கள். நான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “தேதி?” என்பேன். என் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

எனக்கும் அக்காவுக்கும் ஒரு பழைய பகை இருந்தது. கூடைப் பகை. குடுவைகளைக் கவிழ்க்க அவர் வைத்திருந்த பிளாஸ்டிக் கூடைகள் பழுப்பேறி, மூலை உடைந்து, பார்க்கவே கண்றாவியாக இருக்கும். இந்த வருஷத் தொடக்கத்தில் நான் பட்டியல் புத்தகத்தைப் புரட்டி, வெள்ளை பூச்சுப் பூசிய கம்பிக் கூடைகள் வரவழைத்தேன். துருப்பிடிக்காத எஃகு என்று பில்லிலேயே போட்டிருந்தது. பிரித்து வைத்தபோது எனக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. நானே சுமந்துபோய் அடுக்கினேன். அக்கா ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

“கையைக் குத்துது சார். பழசே இருக்கட்டுமே.”

நான் போய் ஒரு சீட்டு எழுதினேன். ‘பழைய கூடைகள் அனைத்தையும் கழுவும் அறையிலிருந்து உடனே அகற்றவும்.’ கையெழுத்து, தேதி எல்லாம் பக்காவாக. அவர் வாங்கிப் படித்து, நான்காய் மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, “சரி சார்” என்றார். அந்த ‘சரி சார்’ இவ்வளவு சீக்கிரம் வந்ததே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாடியில் ஒரு ஆராய்ச்சிப் பெண். ஐந்து வருஷமாகப் பாக்டீரியாவோடு குடித்தனம். குடுவைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கழுவும் அறை ஸ்டூலில் உட்கார்ந்து எங்களிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். ஒருநாள் நான் விடாமல் கேட்டேன், அப்படி என்னதான் பண்ணுகிறாய் என்று.

“உங்க ஸ்டோர் மாதிரிதான் சார். செல்லுக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒரு பெரிய ரெஜிஸ்டர். அதை யாரும் வெளிய எடுக்க மாட்டாங்க. எது வேணுமோ அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து ஒரு சீட்டு போகும். அதுதான் ஆர்.என்.ஏ. பட்டறையில அதைப் படிச்சுப் புரதம் செய்வாங்க.”

“தேதி போடுவாங்களா?”

“தேதி இல்ல சார். ஆனா கொஞ்ச நேரந்தான் செல்லும், அப்புறம் கிழிச்சிடுவாங்க.” நியாயமான நிர்வாகம் என்று எனக்குப் பட்டது. அவள் தொடர்ந்தாள். “இதுல சில சீட்டு ரொம்பச் சின்னது. அதை வச்சு எந்தப் புரதமும் செய்ய முடியாது. சும்மா கிடக்கிற துண்டுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. பார்த்தா, அது போய் இன்னொரு சீட்டு மேல சரியாப் பொருந்தி ஒட்டிக்குது. ஒட்டிட்டா பட்டறையில படிக்க முடியாது. ரெண்டையும் சேர்த்துக் கிழிச்சிடுவாங்க.”

“அதாவது ஆர்டர் கேன்சல்.”

“அதேதான். என்னோட சின்னச் சீட்டு, இரும்பு குறைஞ்சா வெளிய வரும். பாக்டீரியாவுக்கு இரும்பு உயிர் சார். அது குறையும்போது, இரும்பை நிறையச் சாப்பிடற புரதங்கள்ல எது இப்போதைக்கு இல்லாம சமாளிக்கலாமோ அதோட சீட்டையெல்லாம் நிறுத்திடும். சாப்பாட்டை எரிக்கிற வழியைக்கூட மாத்திடும். மிச்சம் இருக்கிற இரும்பு, அது இல்லாட்டி செத்துப்போவோம்கற வேலைக்கு மட்டும் போகும்.”

அக்கா முதுகைக் காட்டியபடி அலசிக்கொண்டே சொன்னார். “கேஸ் தீரப்போகுதுன்னா நான் வீட்டுல பண்றதுதான். குளிக்க வெந்நீர் கிடையாது. பலகாரம் கிடையாது. சோத்துக்கு மட்டும் அடுப்பு.”

“வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்க மாட்டாரா?”

“கேப்பாரு. கேக்கறதோட சரி.” ஒரு பட்டன் வலது தட்டுக்குப் போனது.

இந்தப் பெண் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தாள். அந்தச் சின்னச் சீட்டு வெளியே வரும்போதெல்லாம் கூடவே பச்சையாக மினுங்கும் ஒரு புரதமும் உண்டாகிற மாதிரி பாக்டீரியாவை மாற்றிவைத்திருந்தாள். இரும்பே இல்லாத திரவத்தில் வளர்த்து, இருட்டறையில் நீல விளக்கைக் காட்டினால் குடுவை மினுங்க வேண்டும். இரும்பு கிடைத்தால் மினுங்கக் கூடாது. கேட்க எவ்வளவு சுலபம்.

ஆனால் மினுங்கவில்லை. அதாவது, சில குடுவைகள் மினுங்கின, சில அழுமூஞ்சியாக இருந்தன. அதே பாக்டீரியா, அதே திரவம், அதே நாள். எங்கிருந்தோ இரும்பு கசிகிறது என்பது மட்டும் தெரிந்தது. அவள் தண்ணீரைச் சோதித்தாள், ரசாயனங்களை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், ராசியில்லை என்று பேனாவைக்கூட மாற்றினாள். இரண்டு மாதம் ஓடிவிட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை மேடம் கீழே இறங்கி வந்தார். நல்லவர்தான், ஆனால் ஒரு முடிவோடு வந்தால் நின்றுகொண்டே பேசுவார். அன்று நின்றுகொண்டே பேசினார்.

“எல்லாத்தையும் பார்த்தாச்சு. பாக்கி இருக்கிறது குடுவைதான். கழுவறதுல ஏதோ சரியில்ல. அடுத்த மாசத்துலேருந்து இந்த வேலையை வெளியில ஒரு கம்பெனிகிட்ட குடுக்கலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கையெழுத்து.” அக்காவைப் பார்க்காமல் ஸ்டூலைப் பார்த்துச் சொன்னார். “உங்களுக்கு வேற ஏதாவது இடம் பார்க்கறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

பத்தொன்பது வருஷ வேலை, ஏழு வாக்கியத்தில் முடிந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். அழுவார் என்று நான் கைக்குட்டையைத் தேடினேன். அழவில்லை. மூக்கு மட்டும் சிவந்தது. மேடம் போன பிறகு அவர் செருப்புத் தடத்தை இரண்டு தடவை துடைத்தார்.

அன்று மாலை பேண்ட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கும் சாக்கில் தையல் கடைக்குப் போனேன். அவர் வீட்டுக்காரர் வாயில் ஊசியோடு, “போனா போகட்டும்னு சொல்லிட்டேன் சார். இங்க காஜா எடுக்க ஆள் இல்லாம தவிக்கிறேன்” என்றார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “காஜா எடுக்கறது இருக்கட்டும். நான் கழுவினது அழுக்குன்னு ஒரு பேரோட வெளிய வரமாட்டேன்.” டெய்லர் ஊசியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “பார்த்தீங்களா, கேக்கறதோட சரி.”

மறுநாள் காலை நான் ஸ்டோரைத் திறப்பதற்கு முன்பே அக்கா வாசலில் நின்றார். பக்கத்தில் ஆராய்ச்சிப் பெண், கையில் நோட்டுப் புத்தகம்.

“சார், ரெண்டு மாசத்துச் சீட்டெல்லாம் வேணும். குடுவை திரும்பி வந்த சீட்டு.”

இருபத்தாறு வருஷத்தில் என் சீட்டுகளைப் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டை அவிழ்த்து மேஜை முழுக்கப் பரப்பினேன். ஒவ்வொரு குடுவையிலும் வைரமுனைப் பேனாவால் நம்பர் கீறியிருக்கும், ஒன்று முதல் நாற்பது வரை. எந்த நாள் எந்த நம்பர் அந்தப் பெண்ணிடமிருந்து திரும்பி வந்தது, அவள் மேஜையில் எந்த வரிசையில் இருந்தது, எல்லாம் என் சீட்டில் இருக்கும். அவள் நோட்டில் எந்த நாள் எந்த வரிசை மினுங்கியது என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

“பன்னெண்டாம் தேதி, முதல் மூணும் மினுங்கிச்சு, நாலாவது இல்ல.”

“நாலு, ஏழு, பதினஞ்சு. நாலாவது முப்பத்தொண்ணு” என்று நான் மணியாகப் படித்தேன்.

அக்கா மினுங்கியதன் சீட்டை ஒரு பக்கமும் மினுங்காததன் சீட்டை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே வந்தார். முதலில் விறுவிறுவென்று போட்ட கை, போகப்போக மெதுவானது. எனக்கே புரிய ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வரைக்கும் உள்ள குடுவைகள் ஒன்றுகூட ஏமாற்றவில்லை. ஏமாற்றியதெல்லாம் பதினெட்டுக்கு மேலே.

“பதினெட்டுல என்ன விசேஷம்?” என்றேன்.

அக்கா எழுந்து நின்றார். “சார், கோவப்படக் கூடாது.”

கழுவும் அறையில் வடித்த தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் ஒரு பழைய ஏப்ரன் தொங்கும். நான் மாதம் ஒருமுறை சோதனைக்குப் போகும்போதெல்லாம் அது அங்கேயேதான் தொங்கும். அக்கா அதை விலக்கினார். அதற்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கூடைகள், பழுப்பேறியவை, மூலை உடைந்தவை. ஒவ்வொன்றிலும் ஒன்பது குடுவை பிடிக்கும்.

“எல்லாத்தையும் போடச் சொன்னீங்க. மத்ததைப் போட்டுட்டேன். இது ரெண்டும் முதல் நாள்லேருந்து என்கூட இருக்கு சார். மனசு வரல. ஒண்ணுலேருந்து பதினெட்டு வரைக்கும் எப்பவும் இதுலதான் கவிழ்ப்பேன். இடம் மாத்தி வச்சா எனக்குத் தூக்கம் வராது.”

எனக்கு சுர்ரென்று ஏறியது. என் கையெழுத்துப் போட்ட சீட்டு! “அப்ப நான் எழுதினதுக்கு என்ன மரியாதை?” என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் இதற்குள் அடுப்பிலிருந்து என் வெள்ளைக் கூடை ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பியிருந்தாள். குடுவையின் வாய் உட்காரும் இடங்களில் வெள்ளைப் பூச்சு உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் துரு. அசல், ஆரஞ்சுத் துரு. ஈரக் குடுவையைக் கவிழ்த்ததும் விளிம்பில் நிற்கும் தண்ணீரில் அது கரைந்து, காய்ந்து விளிம்பிலேயே படிந்து, குடுவையில் திரவத்தை ஊற்றும்போது உள்ளே இறங்கியிருக்கிறது. பத்து பட்டனும் நகர்ந்த பிறகு, என் கூடை அந்தப் பாக்டீரியாக்களுக்குத் திருட்டுத்தனமாகச் சாப்பாடு போட்டிருக்கிறது.

“கண்ணுக்குத் தெரியாத அளவு போதும் சார். கிடைச்சா விடாம உறிஞ்சிக்கும்” என்றாள் அவள், மிக மெல்ல.

 ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம். வெள்ளைக் கூடையை ஓசைப்படாமல் எடுத்துப்போட்டுவிட்டு எல்லாக் குடுவையையும் பழைய மாதிரியே உலர்த்தினால், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிஷம் அப்படித்தான் யோசித்தேன். அப்புறம் அக்காவின் மூக்கைப் பார்த்தேன். அது மறுபடி சிவந்திருந்தது. ஓசைப்படாமல் சரிசெய்தால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யார் பெயரில் அழுக்கு எழுதப்படும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு வெள்ளைக் கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு மேலே போனேன். பின்னாலேயே அக்காவும் ஒரு பழுப்புக் கூடையோடு வந்தார், அந்தப் பெண்ணும் வந்தாள். மேடம் அறையில் நான் என் தப்பைச் சொல்ல, அவர் தன் தப்பைச் சொல்ல, யார் தப்பு பெரிசு என்று எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதமே வந்துவிட்டது.

“போதும்” என்றார் மேடம். சிரிப்பை அடக்குகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. “ஆனா எனக்கு நிரூபணம் வேணும். பன்னெண்டு குடுவை கழுவுங்க. ஆறு பழசுல, ஆறு புதுசுல. எது எதுல காய்ஞ்சதுன்னு இவளுக்குச் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில பார்ப்போம்.”

புதன்கிழமை அக்கா கழுவியதை நான் நின்று பார்த்தேன். அவசரமும் இல்லை, கூடுதல் பவ்யமும் இல்லை. புதுக் கூடைக்குப் போகிற ஆறுக்கும் அதே பத்து பட்டன். “அதுக்கு எதுக்கு அக்கா இவ்வளவு, எப்படியும் கெடப்போகுது” என்றேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் ஸ்டோருக்குப் போய்விட்டேன். எந்த நம்பர் எந்தக் கூடை என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேடம் கையில் கொடுத்தது நான்தான். தேதியோடு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. இருட்டறை வாசலில் மேடம், அந்தப் பெண், நான். அக்கா கீழேயே நின்றுவிட்டார். போய்க் கூப்பிட்டேன்.

“நான் எதுக்கு சார்? நான் அங்கெல்லாம் வந்ததே இல்லையே.”

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்டடத்தில் எல்லோரும் இவர் கழுவிய கண்ணாடிக்குள்தான் எட்டிப் பார்த்திருக்கிறோம். உள்ளே என்ன தெரிகிறது என்று இவருக்கு ஒருவர்கூடக் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது. “வாங்க அக்கா” என்று சொல்லிக் கையைப் பிடித்து, இல்லை, கையைப் பிடிக்கவில்லை, ஏப்ரன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கதவைச் சாத்தினோம். நீல விளக்கு எரிந்தது.

முதலில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இளம் இலையை வெயிலுக்கு நேரே பிடித்த மாதிரி ஒரு பச்சை, குடுவைக்கு உள்ளேயிருந்து. அந்தப் பெண் தடுமாறிய குரலில் நம்பர் சொன்னாள். மினுங்கியது ஆறு. மற்ற ஆறில் ஐந்து கும்மிருட்டு. ஒன்று மட்டும் லேசாகப் பச்சை தட்டியது. மேடம் வெளியே எட்டி வெளிச்சத்தில் உறையைப் பிரித்துப் பார்த்தார். மினுங்கிய ஆறும் பழைய கூடை. அந்த லேசான ஒன்று என் கூடைதான், பூச்சு உரியாத ஒரே மூலையில் உட்கார்ந்தது.

அந்தப் பெண் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. “அக்கா, நீங்களும் அந்தச் சின்ன ஆர்.என்.ஏ. மாதிரிதான். எல்லாரும் சும்மான்னு நினைச்சாங்க...”

“அதெல்லாம் இருக்கட்டும்” என்றார் அக்கா. அவர் கண் குடுவையை விட்டு நகரவில்லை. “மினுங்கறதெல்லாம் இரும்பு இல்லாததா?”

“ஆமாக்கா.”

“அப்ப பட்டினியா கிடக்குதா? பட்டினியிலயா இவ்வளவு அழகு?” கொஞ்ச நேரம் பார்த்தார். “வேலை முடிஞ்சதும் ஒரு சொட்டு இரும்பு போட்டுடும்மா. பாவம்.”

மூன்று மணிக்கு நடக்க வேண்டிய கையெழுத்து நடக்கவில்லை. மேடம் கம்பெனிக்காரரிடம் போனிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு கீழே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான் தப்பாச் சொல்லிட்டேன் அக்கா” என்றார், நேராக முகத்தைப் பார்த்து. “உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

அக்கா யோசிக்கவே இல்லை. ஏப்ரன் பையிலிருந்து நான்காய் மடித்த என் பழைய சீட்டை எடுத்து மேஜையில் விரித்தார். “சீட்டு சார் இதை மாத்தி எழுதித் தரணும்.”

நான் ஸ்டோரிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டே எழுதினேன். ‘புதிய கம்பிக் கூடைகள் அனைத்தையும் உடனே அகற்றவும். பழைய கூடைகள் இரண்டும் இங்கேயே இருக்கும். இந்த அறையில் எது இருக்க வேண்டும் என்பதை அக்கா முடிவு செய்வார்.’ கையெழுத்துப் போட்டு நீட்டினேன். என் முகம் எப்படி இருந்ததோ, மேடம் சிரித்தேவிட்டார்.

அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்ததும் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“தேதி போடலியே சார்.”